தையல் டீச்சர் கூட்டிப்போன வீடுகள்

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே ஒரு சிறுமியின் காலரைப் பிடித்து நிமிர்த்துகிறார் உம்மு ஹபீபா டீச்சர். பிரார்த்தனை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. கேட்டுக்கு உள்ளே வரிசை நிற்கிறது. வெளியே, நேரத்துக்கு வர முடியாதவர்கள் பனியில் நிற்கிறார்கள். அவர்களோடுதான் டீச்சரும் நிற்பார். அறுந்த பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "வெரசா போ தங்கம். யாராச்சும் கேட்டா தையல் மிஸ்தான் நிறுத்தி வச்சாங்கன்னு சொல்லு" என்கிறார். அடுத்தவர் தாமதத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

கொடைக்கானல் பஜாருக்குக் கீழே, சரிவில் இருக்கிறது எங்கள் பள்ளி. நான் அங்கே தமிழ் நடத்துகிறேன். அவர் பகுதிநேரத் தையல் ஆசிரியை. குட்டையான உருவம். சேலை முக்காட்டுக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டிருப்பார். அவருடைய அத்தா பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது விற்காமல் மிஞ்சிய சரக்கு அந்தக் குல்லாய். தையல் மெஷினோடு நாளெல்லாம் பேசுவார். "ஏலே, இன்னிக்கு என்ன உனக்குக் கோவம்? எண்ணெ விட்டேன்ல?" டீயை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றித்தான் குடிப்பார். கிளாஸில் கொடுத்தால் மூடியில் மாற்றிக்கொள்வார்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. ஆசிரியர் அறையில் ஏதாவது ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்து, யாராவது "பாவம்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். "போய்ப் பாத்துட்டு வந்து பேசுவோமா?" என்பார். கேட்டதோடு விடமாட்டார். சனிக்கிழமை மதியம் சொன்னவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் தலைமையாசிரியை முதலில் யோசித்தார், பிறகு தானே ஒரு சனிக்கிழமை கூடப் போய்வந்தார். அதன்பின் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் மாதமே தையல் டீச்சரோடு ஒரு நடை போய்வர வேண்டும் என்றாகிவிட்டது.

அந்த நடைக்கு அவர் சொல்லும் விதி ஒன்றுதான். "அங்க போயி கேள்வி கேக்காதீங்க. உக்காருங்க. குடுக்குறதக் குடிங்க. அவங்களா பேசுவாங்க."

என்னையும் அப்படிக் கூட்டிப்போனார். வீட்டுப்பாடத்தை வாட்ஸப்பில் அனுப்பியும் ஒரு பெண் பார்ப்பதே இல்லை என்று நான் குறைப்பட்டிருந்தேன். மரப்பலகைச் சுவர் வைத்த அந்த வீட்டில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு ஒரே போன். அதுவும் டிரைவர் வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப் பையில் வட்டக்கானல் பக்கம் எங்கோ இருந்தது. அவர் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடும். நான் எதையும் கேட்கவில்லை. அந்த அம்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். திரும்பி ஏறும்போது டீச்சர் வழியில் பூத்திருந்த ஏதோ ஒரு பூவைக் காட்டி, எம்ப்ராய்டரிக்கு ஆகும் என்றார்.

கணக்கு ஆசிரியர் குமரகுரு பழனிக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, நேரம் தவறாமை, பிள்ளைகள் தேற வேண்டுமே என்ற பதைப்பு எல்லாம் உள்ளவர். மலைக்குளிர் அவருக்குப் புதிது. போன ஐப்பசியில் மழை நிற்காமல் பெய்த ஒரு வாரம். அந்த வாரத்துக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பில் தேவசேனா என்ற பெண் வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரி. அவள் அம்மா புவனா கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர். மழையில் கேரட் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனதால் வேலை நின்றுவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே பழனியை ஒட்டிய ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோட்டத்துக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

"நல்லாப் படிக்கிற பொண்ணு. பாவம்" என்றார் குமரகுரு.

ஹபீபா டீச்சர் ஃபிளாஸ்க்கை மூடினார். "போய்ப் பாத்துட்டு வந்து பேசுவோமா சார்?"

"ஆயக்குடிக்கா?"

"உங்க ஊருதானே சார், உங்களுக்குத்தான் வழி தெரியும்."

அந்தச் சனிக்கிழமை பழனி பஸ்ஸில் நானும் சேர்ந்து மூவரும் மலை இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த குமரகுரு, பேச்சுக் கொடுத்தால் குமட்டல் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, "ஏன் டீச்சர் இப்படி அலையறீங்க?" என்று கேட்டார்.

டீச்சர் குல்லாயைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"நான் ஒம்பதாவது படிக்கிறப்ப அம்மா மவுத்தாயிட்டாங்க சார். எனக்குக் கீழ சின்னது மூணு. என்னை யாரும் படிக்க வேணாம்னு சொல்லல. அத்தா கூட, நாப்பதாம் நாள் கழியட்டும், அப்புறம் போன்னுதான் சொன்னாரு. நாப்பது கழிஞ்சிச்சு. எனக்குப் போகக் கூச்சமா இருந்துச்சு. இத்தன நாள் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறதுன்னு. யாராச்சும் ஒரு டீச்சர் வந்து, ஏன் புள்ள வரலன்னு ஒரு வார்த்த கேட்டா போயிரலாம்னு இருந்தேன்."

"வந்தாங்களா?"

"எங்க வீட்டுல இருந்து பாத்தா பள்ளிக்கூடத்துத் தகரம் தெரியும். சாயங்காலம் மணி அடிச்சதும் வாசலக் கூட்டி, நாற்காலியத் தொடச்சி வச்சிருவேன். வந்தா உக்கார வைக்கணும்ல. ரொம்ப நாளு தொடச்சேன். அப்புறம் தையல் பழகப் போயிட்டேன்." சிரித்தார். "அவங்கள தப்பு சொல்லக் கூடாது சார். எழவு விழுந்த வீடு, தொந்தரவு பண்ணுவானேன்னு இருந்திருப்பாங்க. ஆனா இப்பவும் அந்த மணிச்சத்தம் கேட்டா நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது."



ஆயக்குடியில் விசாரித்துக்கொண்டே போனோம். கொய்யா வாடை தோட்டத்துக்கு முன்பே எதிரே வந்தது. தகரக் கொட்டகை ஒன்றின் முன்னால் பெண்கள் உட்கார்ந்து காயையும் பழத்தையும் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வேலி ஓரத்திலேயே நின்றுகொண்டார். "நீங்க முன்னால போங்க சார். அவளோட கிளாஸ் வாத்தியாரு நீங்கதான்."

தேவசேனா முதலில் எங்களைப் பார்க்கவில்லை. பார்த்ததும் சட்டென்று எழுந்து, பாவாடையில் கையைத் துடைத்து, வகுப்பில் நிற்பதுபோல நேராக நின்றாள். "வணக்கம் சார்" என்றாள். முகம் மலர்ந்தது, அடுத்த கணமே சுருங்கி மண்ணைப் பார்த்தது. புவனா சாக்கை உதறி விரித்து எங்களை உட்காரச் சொன்னார். குமரகுரு விதியை மறக்கவில்லை. எதுவும் கேட்காமல் உட்கார்ந்தார். புவனாதான் தொடங்கினார்.

"சோலி இல்லாமத்தான் சார் கீழ வந்தோம். இவள எங்க அக்கா வீட்டுல விட்டுட்டுதான் வர நெனச்சேன். பள்ளிக்கூடம் கெட்டுறக் கூடாதுல்ல. இவதான் போக மாட்டேன்னுட்டா. யாரோ ஒரு வாத்தியாரு, நாத்தமடிக்குது, தொவச்சிப் போட்டுட்டு வர மாட்டியான்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாராம்."

ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்துப் பெட்டியில் வைத்தார்.

"யூனிபாரம் ஒரு செட்டுத்தான் சார் கெடக்கு. மழை விடவே இல்ல. அடுப்புக்கு மேல கொடி கட்டி, முழிச்சிருந்து திருப்பித் திருப்பிப் போட்டேன். வெள்ளனே கேரட்டு அலசப் போகணும், இருந்தும் தூங்கல. எனக்கு அது புகை வாடையாவே தெரியல சார். காஞ்சிருச்சே, புள்ள நடுங்காமப் போகுமேன்னுதான் இருந்துச்சு. அந்த வாத்தியாரு யாருன்னு தெரியாது. நீங்களாச்சும் அவருகிட்ட சொல்லுங்க சார்."

தேவசேனா தலையைத் தூக்கவில்லை. அந்த வாத்தியார் யார் என்று அம்மாவிடம் அவள் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

"அது நான்தாம்மா" என்றார் குமரகுரு.

பிரித்துக்கொண்டிருந்த மற்ற பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். புவனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குமரகுருவும் அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று தோன்றியது. புவனா எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன் வைத்தார். "இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. குடிங்க சார்." அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

கிளம்பும்போது புவனா சொன்னது இவ்வளவுதான்: "பொங்கலுக்கு மேல மலைக்கு வருவோம். வாறதும் வராததும் அவ இஷ்டம். நான் இழுத்துவிட மாட்டேன்."

தேவசேனா வேலிவரை கூட வந்தாள். ஹபீபா டீச்சரிடம் மெல்ல, "கணக்குல முக்கோணம் முடிஞ்சிருச்சா மிஸ்?" என்று கேட்டாள். டீச்சருக்கு எங்கே தெரியும்? "இன்னும் இருக்கு" என்று குமரகுரு தூரத்திலிருந்தே சொன்னார்.

மார்கழியில் ஒரு நாள் குமரகுரு சத்துணவுக் கூடத்தின் வெளிச்சுவரில், அடுப்புச் சூடு வரும் பக்கமாகப் பார்த்துக் கொடி கட்டினார். ஈரமாக வருகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம். யாரும் அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. ஹபீபா டீச்சர் கேட் அருகில் பட்டன் தைத்துக்கொண்டே மேட்டுப்பாதையைப் பார்ப்பார். "இன்னிக்கு வந்துருவா" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். தை பாதி போயிற்று. புவனாவின் வீட்டுக் கூரையில் புகை வருகிறது, திரும்பி வந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அப்போதும் அவள் வரவில்லை. டீச்சர் போய்க் கூப்பிடவில்லை. "ஒரு தடவ போயி நின்னாச்சு. ரெண்டாம் தடவ போனா அது கூப்பிடுறதில்ல, இழுக்குறது" என்றார். ஆனால் அந்த நாட்களில் மெஷினோடு பேசுவதைக்கூட விட்டுவிட்டார். "இன்னிக்கு வந்துருவா" என்று சொல்வதும் நின்றுபோயிற்று.

அதற்கடுத்த திங்கட்கிழமை, பிரார்த்தனை முடிந்து வெகு நேரம் கழித்து, தேவசேனா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். கேட் தாண்டி, யாரையும் பார்க்காமல், நேராக ஒன்பதாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். பத்தடி பின்னால் ஹபீபா டீச்சர். நான் எதிர் வகுப்பில் இருந்தேன்.

குமரகுரு பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "உள்ளே வா" என்றார், வழக்கமான குரலில். அவள் போய்ப் பின்வரிசை பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஹபீபா டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு இல்லை, போக வேண்டிய வேலையும் இல்லை. குமரகுரு அவரை ஒருமுறை பார்த்தார். பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

தேவசேனா வாசலில் நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரம் நகர்ந்து, இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.