அடுப்போடு பேசும் ராஜகுமாரி

என் மனைவி ராஜகுமாரிக்கு மொழிப் பைத்தியம். நான் சொல்லவில்லை, கீழ் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு ஆயா வேலை. ஜார்க்கண்டிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க வந்திருக்கும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலையேறுவார்கள். மாலையில் வந்து பார்த்தால் பிள்ளை தமிழில் அழும், ஆயா இந்தியில் கொஞ்சுவாள்.

பஸ்ஸில் படுகர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டு வந்தால், அவர்கள் பேச்சு முடியும்வரை இவள் இறங்கமாட்டாள். எங்கள் ஸ்டாப் போய்விடும். கூடலூரில் ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது, அழுதுகொண்டிருந்த மலையாள அம்மாளைப் பிடித்து, உங்கள் ஊரில் துக்கம் விசாரிக்க என்ன சொல்வீர்கள் என்று கேட்டுவைத்தாள். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்ததுதான் விசேஷம். என்னோடு சண்டை வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். வாய்ச் சண்டையில் கோயமுத்தூர்க்காரன் தோற்பதாவது!

"அம்மிணி, வையறதத் தமிழ்லயே வையு. எனக்கும் வெளங்கோணும்ல?" என்று கெஞ்சியிருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுப்படியில் நின்று தனியாகப் பேசுவதுதான் தாங்காது. எந்த மொழி படிக்கிறாளோ அந்த மொழியில் குக்கரோடும் கரண்டியோடும் பேச்சு நடக்கும். கேள்வியும் இவளே, பதிலும் இவளே. "மயிலு, வேப்பிலை அடிக்கச் சொல்லட்டுமாடா?" என்று என் அம்மா ஒருநாள் ரகசியமாகக் கேட்டார். நான் ஜீப் ஓட்டுகிறவன். எத்தனையோ வகை வண்டிச் சத்தம் கேட்டுப் பழகியவன். அதனால் இதுவும் பழகிவிட்டது.

இந்த இரண்டு வருஷமாக அடுப்படியில் சிங்களம். அது மற்றதைப் போல விளையாட்டில்லை.

ராஜகுமாரி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இன்றைக்கும் டீயை அவள் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். அவளுடைய அம்மா விடியுமுன்னே கொழுந்துக்குப் போய்விட, இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா அங்கம்மா. தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அங்கம்மா ஒரு சிங்கள பேக்கரிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். "எனக்கு ஒரே மகள்தான்" என்று சொல்லிவிட்டு என் மாமனார் கப்பலேறினார். சாகும்வரை அந்தப் பெயரை வீட்டில் எடுக்க விடவில்லை. ராஜகுமாரி அப்போது சின்னப் பிள்ளை. அக்காவைத் தேடித் தேடி அழுது ஜுரம் வந்துவிட்டதாம்.

எஸ்டேட் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் பிராங்ளினுக்கு ஹட்டனில் சொந்தம் உண்டு. ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவர் சேதி கொண்டுவந்தார். அங்கம்மா இறந்துவிட்டாள். நிலூகா என்று ஒரே மகள். போன் நம்பரும் வாங்கி வந்திருந்தார். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

ராஜகுமாரி அன்றைக்கு அழவில்லை. "அக்கா என்னய நெனச்சாளா இல்லையான்னு அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

பிராங்ளினின் சொந்தக்காரர்களை நடுவில் வைத்துக் கேட்கலாமே என்றேன். முறைத்தாள். இதை இன்னொருத்தர் வாயால் கேட்க முடியாது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் உள்ள மொழியெல்லாம் இவள் படித்துத் தள்ளியது அந்த ஒரு மொழியை நெருங்கப் பயந்துகொண்டுதான்.

படித்தது போனில், பஸ் ஸ்டாண்டில் டவுன்லோடு செய்து வந்த சிங்களச் செய்தி கேட்டு. செய்தி வாசிப்பவர்கள்தான் நிறுத்தித் தெளிவாகப் பேசுகிறார்களாம். காலைச் செய்தி, மாலைச் செய்தி, வெள்ளம், தேர்தல் என்று எங்கள் வீட்டு ரசம் இரண்டு வருஷம் இலங்கைச் செய்தியோடுதான் கொதித்தது.

எங்கள் வீட்டில் டவர் கிடையாது. பக்கத்தில் தண்ணீர் டேங்க் வளைவில்தான் சிக்னல் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுச் சேலை கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். போனில் பேசப் புதுச் சேலை எதற்கு என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வளைவில் வண்டியை நிறுத்தினேன். நிலூகா எடுத்ததும், ஒத்திகை பார்த்ததையெல்லாம் பிசிறில்லாமல் சொன்னாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தாள். மறுபடி வைத்துவிட்டார்கள். அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

காரணம் பிராங்ளின் மூலம் தெரியவந்தது. ஏதோ பேங்கிலிருந்து மெஷின் பேசுகிறது என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாளாம். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? நமக்கு ஒருத்தி போன் போட்டு, "தங்கள் அன்னையார் மறைவெய்திய செய்தியறிந்து பெருந்துயருற்றேன்" என்று ஆரம்பித்தால் நாம் மட்டும் என்ன செய்வோம்? செய்தியில் கற்றவள் செய்தியாகத்தானே பேசுவாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொருக்கா கூப்புடு அம்மிணி. நீ யாருன்னு பிராங்ளின் சொல்லிட்டாப்லல்ல?"

"வேண்டாங்க. அக்கா பெத்த புள்ளைக்கு நான் மெஷினாத் தெரிஞ்சிருக்கேன். என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புட?"

அதோடு எல்லாம் நின்றது. பஸ்ஸில் சரியான ஸ்டாப்பில் இறங்கினாள். சண்டையைக்கூடத் தமிழில் போட்டாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விளங்கியது, வீடு மட்டும் வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்தக் கன்னடத் திட்டுக்கு நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. சிங்களம்தான். செய்திக் குரல் இல்லை. பால் பொங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே, யாரையோ பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிற குரல். நடுவில் இருமினாள், கரண்டியைக் கீழே போட்டாள், தன்னையே திட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என் போனில் பதிவு செய்தேன். பிராங்ளினிடம் நம்பர் வாங்கி, வளைவுக்குப் போய் நிலூகாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதலாம் என்றால் எனக்கு எந்த மொழி தெரியும்? வெறுமனே அனுப்பினேன்.

சாயங்காலம் நான் ஜீப் ஸ்டாண்டில் இருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் அழுகிறாள். "புஞ்சி அம்மா, புஞ்சி அம்மா" என்கிறாள். சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனாலும் அந்த அழுகை எனக்கு விளங்கியது. காப்பகத்துக்கு ஜீப்பை விரட்டி, டீ ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்ற ராஜகுமாரியை ஏற்றிக்கொண்டு, பதிவு செய்து அனுப்பியதை வழியிலேயே சொல்லி, வளைவில் கொண்டுபோய் நிறுத்தினேன். நம்பரை அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

நிலூகா படபடவென்று பேசினாள். இவள் மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சி, புரிந்தவரை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அவ அம்மாவும் இப்படித்தானாம், அடுப்படியில தனியாப் பேசுவாளாம். தமிழ்ல. வீட்ல யாருக்கும் வெளங்காதாம். கேலி பண்ணிச் சிரிப்பாங்களாம். நீங்க அனுப்புனதக் கேட்டதும் அவ அம்மாதான் அடுப்படியில நிக்கிறான்னு நெனச்சு எந்திரிச்சு உள்ள போயிட்டாளாம்."

அத்தனை வருஷம் அந்த வீட்டில் அங்கம்மாவின் தமிழுக்கு அடுப்பைத் தவிர வேறு ஆள் இல்லை.

பிறகு நிலூகா எதையோ கேட்டாள். ராஜகுமாரி எனக்குச் சொன்னாள். "அடுப்புலருந்து தண்ணிக் கேத்தல எறக்குறப்போ தெனமும் ஒண்ணு சொல்வாளாம். கேட்டுக் கேட்டு இந்தப் புள்ளைக்கு மனப்பாடமாம். அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குறா."

போனில் அந்தப் பெண் அதைச் சொன்னாள். அர்த்தம் தெரியாத வாயில் வார்த்தைகள் குழறின. ஆனாலும் எனக்கே விளங்கியது.

"குமாரி, தேத்தண்ணி குடிச்சியா?"

ராஜகுமாரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் குடிக்கலக்கா" என்றாள்.

அந்தப் பக்கம் நிலூகா, என்ன சொன்னீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மறுபடி மறுபடி கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், சீட்டில், ஃபிளாஸ்க் நிறைய டீ அப்படியே இருந்தது.