குடுமித் தேங்காயுடன் வட கடலுக்கு

பாரிஸ் புறநகரான பொபினியில் எனக்கு அலுவலக வேலை. கதிரையில் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருந்தால் கால் உதறத் தொடங்கிவிடும். அதனால்தான், வட துருவத்தை அண்டிய கடலின் வெப்பத்தையும் உயிர்களையும் பதிவு செய்யும் ஒரு சிறு பாய்க்கப்பலுக்குத் தன்னார்வலர் தேவை என்று கண்டதும் விண்ணப்பித்தேன். இரண்டு வருடம் காக்க வைத்து, 2018 ஜூலையில் மூன்று கிழமைக்கு இடம் தந்தார்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 600 ஈரோ. பாரிஸிலிருந்து நோர்வேயின் ட்ரொம்சோவுக்கு விமானச்சீட்டு 340 ஈரோ.

புறப்படுவதற்கு முதல் நாள் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். கடைக்கார அண்ணை கேட்காமலே ஒரு குடுமித் தேங்காயைப் பைக்குள் வைத்தார்.

"தங்கச்சி, கடலுக்குப் போறீர். உடைக்காமல் வெளிக்கிடாதையும்."

"அங்கை கடலுக்குள்ளை ஒண்டும் போடக் கூடாதாம் அண்ணை."

"நான் போடச் சொன்னனானே? உடைச்சுப்போட்டுச் சம்பல் அரையும்."

கப்பல் தலைவி மரியான் பிரான்சின் பிரெத்தோன் இனப் பெண். ஏறியதுமே சொல்லிவிட்டார்: கடலில் ஒரு குச்சி போட்டாலும் அடுத்த துறைமுகத்தில் இறக்கம். வடக்கே 40 கிலோமீட்டர் ஓடி, மலைகளுக்கு நடுவே ஒரு கடல்நீர்க் குடாவில் நங்கூரமிட்டோம். எதிர்க்காற்று எங்களை அங்கேயே கட்டிப்போட்டது. மற்றவர்கள் வாசித்தார்கள், தூங்கினார்கள். நான் மேல்தளத்தில் முன்னும் பின்னும் நடந்தேன். தேங்காய் உடைக்காமல் வெளிக்கிட்டதால்தான் இந்தக் காற்று என்று மனம் அரித்தது. அன்று பின்னேரமே தேங்காய்க்கு மஞ்சள் பூசி, நங்கூரச் சங்கிலியில் உடைத்தேன். நேர் பாதியாகப் பிளந்தது. குடுமிப் பாதி துள்ளித் தண்ணீரில் விழுந்தது.

ஒருவரும் காணவில்லை, நானும் சொல்லவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் படுக்கையிலும் பயம்.

மூன்றாம் நாள் காலை, எதிர்க்கரையில் ஒதுங்கியவற்றைப் பதியப் போனோம். வலைத்துண்டுகள், போத்தல் மூடிகள், ஒற்றைச் செருப்பு. திடீரென்று மரியான் கூவினார். கையில் பாதித் தேங்காய்! வெப்ப நாட்டு விதைகளை நீரோட்டம் இந்தப் பக்கம் கொண்டுவருவதுண்டாம். தேங்காயை மட்டும் அவர் கண்டதே இல்லையாம். நாரில் இன்னும் என் மஞ்சள். பேசாமல் இருந்தால் பயணம் எனக்கு. பேசினால் இறக்கம். ஆனால் கடலைப் பற்றி உண்மை எழுத வந்த இடத்தில் என் தேங்காய் பொய்ச் சாட்சி சொல்வதா?

"அது என்னுடையது. லா சப்பலில் வாங்கியது" என்றேன்.

மரியான் தேங்காயைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது என்று கேட்டு வரைபடத்தில் அளந்தார். மூன்று கிலோமீட்டர்.

"இந்தக் கரையில் எடுத்தவற்றில் புறப்பட்ட இடம் தெரிந்தது இது ஒன்றுதான். இனிப் பாத்திரம் முழுக்க நீங்கள் கழுவுங்கள்" என்றார்.

அடுத்த நாள் காற்று திரும்பியது. போனோம், திமிங்கிலம் பார்த்தேன், தண்ணீர் அளந்தேன், பாத்திரமும் கழுவினேன். கால் ஒருநாளும் உதறவில்லை.

போகிறவர்களுக்கு: கம்பளிக் காலுறை நாலு சோடி வேண்டும். குமட்டல் மாத்திரையை ஏறுமுன்னே விழுங்குங்கள். தேங்காயை வீட்டிலேயே உடைத்துவிடுங்கள்.

திரும்பியதும் கடைக்குப் போனேன்.

"தேங்காய் என்னமாதிரி?" என்றார் அண்ணை.

"ஒரு பாதி சம்பல். மற்றப் பாதியைக் கடல் திருப்பித் தந்திட்டுது அண்ணை."

"அப்ப கடல் அதை ஏற்கேல்லை. இன்னொருக்காப் போகத்தான் வேணும்" என்றபடி, இன்னொரு குடுமித் தேங்காயைப் பைக்குள் வைத்தார்.