இஞ்சிச் சாற்றின் வண்டல்

மருமகள் மிக்சியில் இஞ்சியை அரைத்து வடிகட்டி, உடனே எலுமிச்சம்பழம் பிழிந்து என்னிடம் நீட்டினாள். அந்தக் கார வாசனையில் தென்காசி வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது.

யுத்த காலம். எனக்கு ஏழு வயது. குற்றாலத்தில் குளித்த பசியில் பலாச்சுளைகளை அளவில்லாமல் தின்றுவிட்டு, மாலையில் வயிறு உப்பிக் கிடந்தேன். அப்பாவின் அக்கா இஞ்சியைத் தட்டிப் பிழிந்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சாற்றைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைப்பார்கள். அடியில் படியும் வெள்ளை வண்டல் நஞ்சு என்று நம்பிக்கை. மேலே தெளிந்ததில்தான் எலுமிச்சைச் சாறும் கருப்பட்டியும் சேரும். அன்று நான் போட்ட அலறலில் அத்தை அதை மறந்து, எல்லாவற்றையும் கலக்கி எனக்குப் புகட்டிவிட்டாள்.

அம்மா வந்து கிண்ணத்தைப் பார்த்தாள்.

"மைனி, வண்டலை எங்க?"

"ஐயையோ, சேத்துக் கலக்கிட்டேனே!"

"எம் புள்ளையக் கொன்னுட்டியளே!"

அத்தை கிண்ணத்தில் இருந்த மீதியை மடக்கென்று குடித்தாள். "அவளுக்கு என்ன ஆவுதோ, அது எனக்கும் ஆவட்டும்."

இருவரும் என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் அழுகையை நிறுத்தினேன். அது அவர்களை இன்னும் பயமுறுத்தியது. சிறிது நேரத்தில் எனக்கு நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. அத்தைக்கு அதைவிட நீளமாக வந்தது.

"அம்மா, பசிக்குது" என்றேன்.

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "பயத்துல எனக்கு வயித்தக் கலக்குது மைனி. எனக்கும் ஒரு கிண்ணம் போடுங்க."

"தெளிய வைக்கட்டா?"

"வேண்டாம். அப்படியே தாங்க."