மரத்துக்குக் கொண்டுபோன தண்ணீர்

பாணேர் குன்றுக்கு நடக்கப் போகிறவர்களில் பலர் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். குடிக்க அல்ல, மேலே நட்டிருக்கும் கன்றுகளுக்கு ஊற்ற. ஆளுக்கு ஒரு கன்று. கோயமுத்தூரிலிருந்து மராத்தி பேசும் இந்த ஊருக்கு, மகன் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் ஒரு புங்கங்கன்றைக் காட்டிவிட்டார்கள். மகன் வளர்க்கும் லாப்ரடார் நாயைத் தினமும் நான்தான் மேலே கூட்டிப் போவேன். யார் யாரைக் கூட்டிப் போனோம் என்பது வேறு விஷயம். சங்கிலியின் கைப்பிடி என் பக்கம் இருந்தது.

அந்தச் சித்திரைக் காலையில் பால் வரத் தாமதம். கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. மேலே போனதும் வழக்கம்போல் பாட்டிலை என் கன்றுக்குக் கவிழ்த்தேன். திரும்பினால் நாய் பாதையில் படுத்திருந்தது. நாக்கு முழுக்க வெளியே தொங்கியது, கண் செருகியது. இழுத்தேன், அசையவில்லை. அதைத் தூக்க என்னைப் போல் மூன்று பேர் வேண்டும்.

பக்கத்தில் ஒரு பெரியவர் தன் வேப்பங்கன்றுக்கு ஊற்றக் கேனைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கிர்க்கியில் பல காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த தமிழர். வேறு யாரும் கண்ணுக்கு எட்டவில்லை.

"ஏனுங்க, அந்தத் தண்ணிய இங்க ஊத்துங்க. நாய் செத்துப்போயிரும்."

"அரே அம்மா, ஜுரம் வந்து இந்த வாரம் பூரா நான் வரல. எலையெல்லாம் பாருங்க, சுருண்டு கெடக்கு. இன்னிக்கு ஊத்தலன்னா இது காலி."

"கன்னு போனா வேற நட்டுக்கலாம். நாய் போனா என் மகனுக்கு நான் யாரக் கொண்டுபோய்க் காட்டறது? உங்க கழுத்துல சங்கிலியப் போட்டுக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

"நான் கொலைக்க மாட்டேனே."

"இத்தன நேரம் என்ன பண்ணுனீங்களாம்?"

அவர் சிரிக்கவில்லை. கன்றைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு, "முன்னங்கால நீங்க பிடிங்க" என்றார்.

இழுத்து வேப்பங்கன்றின் பாத்திக்குள் போட்டோம். முதலில் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாயின் வாயருகே பிடித்தார். கொஞ்சம் நக்கியது. மீதியை அதன் வயிற்றிலும் பாதத்திலும் சிறிது சிறிதாக ஊற்றினார். நாயை நனைத்த தண்ணீர் வழிந்து வேருக்குப் போனது. ஒரே தண்ணீரில் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டார்.

கேன் காலியானபோது நாய் சேற்றில் வாலை அடித்தது. மூச்சும் கொஞ்சம் அடங்கியது.

"பஸ், போதும், எழுப்புங்க. வரப்பு ஒடையுது."

"எந்திரிக்க மாட்டீங்குதுங்களே. சொகம் கண்டுக்கிச்சு."

"அப்ப என்ன பண்றது?"

"நான் இருந்து கூட்டிட்டுப் போறனுங்க. நீங்க கெளம்புங்க."

அவர் கிளம்பவில்லை. ஓரமாக வைத்திருந்த தன் குடையை எடுத்து விரித்துப் பாத்திக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். நாய்க்கா, கன்றுக்கா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.