வெளியேறு என்ற பொத்தான்

புத்தளத்தில் ஓர் உப்புக் கம்பனி அலுவலகத்தில்தான் அவரைச் சந்தித்தேன். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர்; அங்கே எல்லோருக்கும் அவர் 'நானா', அண்ணன். வெள்ளைத் தொப்பி, ஒரு காதுப்பக்கம் நூலால் கட்டிய கண்ணாடி. யார் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அவரவர் திரையும் கோப்புகளும் அங்கேயே வரும்படி நான் அமைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் வந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை.

காரணம் அவருடைய பழக்கம். மாலையில் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவார். கணினி ஓடிக்கொண்டே கிடக்கும். முறையாக வெளியே வந்தால்தானே எல்லாம் சேர்வரில் பதியும்! எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நானா, அந்த 'வெளியேறு' எண்டதை அமத்துங்க. உங்கட சாமான் எல்லாம் உங்களோடயே வரும்."

அவர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தொண்ணூறில மன்னாரில இயக்கக்காரர் ஸ்பீக்கர்ல முஸ்லிம் ஆக்களுக்கு இந்தச் சொல்லைத்தான் சொன்னாங்க, தம்பி. உடுத்த உடுப்போட வந்தம். ஒண்டும் எங்களோட வரல்ல."

திரையில் இருந்த அந்தச் சொல்லை நான் மறுபடி பார்த்தேன்.

"நீங்களே அமத்துங்க" என்று கதிரையைப் பின்னால் தள்ளினார்.

அழுத்தினேன். பக்கத்து மேசைக் கணினியில் அவர் பெயரைக் கொடுத்ததும் அவருடைய திரை வந்தது. பின்னணிப் படத்தில், பற்றைகளுக்கு நடுவே ஒரு கிணறு.

"பாருங்க நானா, வந்திட்டு."

அவர் திரும்பவில்லை. இருண்டுபோன தன் பழைய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க இப்ப ஆர் இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கணினியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஒருத்தரும் இல்ல, நானா" என்றேன்.