நலமாக இருந்த சுகாதார ஆய்வாளர்

தண்ணீரைச் சோதிக்க அந்தச் சுகாதார ஆய்வாளருக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டதில்லை. கடைக்குள் நுழைவார், தொட்டி மூடியைத் தூக்குவார், முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார், ஒரு வாய் அள்ளிக் குடிப்பார். இருபத்தாறு வருடச் சர்வீஸில் அவருடைய நாக்குதான் ஆய்வுக்கூடம்.

அந்தக் கோடையில் ஊருக்குள் காலரா புகுந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளுக்குப் பத்துத் தொட்டி பார்த்தார். முனைச் சாப்பாட்டுக் கடையில் குடித்துவிட்டு, "அருமையான தண்ணி, நடத்துங்க" என்று கையெழுத்தும் போட்டார். மூன்றாம் நாள் கடைக்காரரும் அங்கே சாப்பிட்ட ஆறு பேரும் வாந்தி பேதியில் சுருண்டார்கள். உடனே ஆய்வாளர் ஓடிவந்து கடையைப் பூட்டினார்.

"நான் அந்தண்ட போனதும் ஏதோ கலந்துட்டாங்க!"

வீட்டில் மனைவிக்கும் இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. "மிச்சம் மீதியைத் தின்னா இப்படித்தான்" என்று அவள் மீதும் ஒரு வழக்குப் போட்டார்.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் பெண்ணுக்கு வேறொரு சந்தேகம். நோயாளிகளின் முகவரிகளை இவருடைய ஆய்வு டைரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டைரி முன்னால் போக, காலரா இரண்டு மூன்று நாள் தள்ளி அதே வரிசையில் பின்னால் போயிருந்தது. களப்பணியாளர் எல்லோரிடமும் மலம் கேட்டு வாங்கினாள். இவர் முணுமுணுத்தபடி கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு விட்டாள்.

"சார், உங்ககிட்டயும் அதே கிருமி இருக்கு."

"எனக்கா? ஒரு ஏப்பம்கூட வரலையே!"

"அதான் இந்த வகையோட வேலை. பழைய வகை ஆளை அடிச்சுப் படுக்கப் போட்டுடும், சட்டுனு தெரிஞ்சுடும். இது நிறையப் பேரை ஒண்ணுமே பண்ணாது. வயித்துல குந்திக்கிட்டு, அவங்க காலாலயே ஊரைச் சுத்தும்."

"சின்ன வயசுலயே எனக்கு காலரா வந்து போயிடுச்சும்மா. எதிர்ப்புச் சக்தி இருக்கு."

"அது பழைய வகையா இருந்திருக்கும். அந்தச் சக்தி உங்களைப் படுக்காம வேணா காப்பாத்தியிருக்கலாம். ஆனா இந்தக் கிருமியை உள்ளே விடாம தடுக்கலையே. கழிவறைக்குப் போயிட்டு வந்தா சோப்பு போடுவீங்களா சார்?"

அவர் சுவரில் இருந்த காலண்டரை உன்னிப்பாகப் படித்தார்.

மாத்திரை கொடுத்து ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். மனைவி அவருக்கென்று தனிக் குவளை வைத்து, தண்ணீர்க் குடத்தைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.

எட்டாம் நாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். சாப்பாட்டுக் கடைக்காரர் கையில் ஊசியும் குழாயுமாகக் கிழிந்த துணிபோலக் கிடந்தார். இவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. நீங்க அவ்வளவு தூரம் வந்து பாத்தும் நான்தான் சுத்தமா வச்சுக்கலை போலிருக்கு."

ஆய்வாளர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சரி சரி, விடுங்க. இனிமேலாவது கவனமா இருங்க" என்று பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டு வந்தார்.