கோவில் காளைக்குக் காயடித்த துளசி அக்கா

சுங்கை பாக்காப் பக்கம் துளசி அக்காவின் பேரைச் சொன்னால், "கோவில் காளைக்குக் காயடிச்சவதானே?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். சுளிப்பவர்களில் ஒருவர்கூடக் காயடித்த நேரத்தில் அந்தப் பக்கம் இல்லை. நான் இருந்தேன். காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான். அக்காவின் மாட்டுக் கொட்டாயில் பால் எடுத்து, கடல் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னையும் சேர்த்துத் திட்டுங்கள், பரவாயில்லை.

அக்காவை உத்தமி என்று சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் தேள் கொட்டும். கொஞ்சம் தாமதமாகப் போனால், "என்னா லோகா, பொண்டாட்டி எழுப்பி விடலையா?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மாட்டைத் தவிர வேறு பேச்சும் கிடையாது. அப்பா விட்டுப்போன மாடுகள் அவருக்கும் அண்ணன் ராமதாசுக்கும் பொது. அண்ணனுக்குச் சிம்பாங் அம்பாட்டில் டயர் கடை. சாணி அள்ளுவது தங்கை, பெருமை பேசுவது அண்ணன் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் அந்த அண்ணன் பேச்சைக் கேட்டுக் கறுப்பு வெள்ளை மாடுகளாக வாங்கிக் கட்டினார்கள். வாளி வாளியாகப் பால். குளிர்நாட்டு ரத்தம் அது. நம் வெயில் ஏறினால் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும். உண்ணி ஏறும், காய்ச்சல் வரும், படுத்தால் எழுந்திருக்காது. வரிசையாகச் செத்தன. அண்ணன் டயர் கடைக்குத் திரும்பினார். அக்கா மிச்சம் இருந்தவற்றுக்குச் சாஹிவால் இனத்தின் சினை ஊசி போட ஆரம்பித்தார். சாஹிவால் வெயில் தாங்கும், உண்ணி அண்டாது, ஆனால் கறவை குறைவு. இரண்டையும் கலந்து, பிறந்த கிடாரிகளில் தேறியதை மட்டும் வைத்து, மறுபடி கலந்து, இளமை முழுவதையும் அதில் போட்டார். கடைசியில் செவலை என்று ஒரு பசு வந்தது. மத்தியான வெயிலில் நின்று அசைபோடும். பாலும் குறையாது. அதன் மகள் மல்லி தாயையும் தாண்டும் போல வளர்ந்தது. அக்காவின் உயிர் மல்லியிடம்தான் இருந்தது.

செவலைக்கு ஒரு காளைக்கன்றும் பிறந்தது. காயடித்து விற்றுவிடலாம் என்றார் அக்கா. அந்தச் சமயம் பார்த்து ராமதாஸ் கோவில் தலைவரானார். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல் கன்றுக்கு மாலை போட்டு, மேளம் அடித்து, கோவிலுக்கு நேர்ந்துவிட்டார். படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார். ஊரே லைக் போட்டது.

கோவில் காளையைக் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. வாசலுக்கு வந்தால் கேட்டைத் திறந்துவிட வேண்டும். அது வந்து மேய்ந்தால் அதிர்ஷ்டம், பசுவோடு சேர்ந்தால் அதைவிட அதிர்ஷ்டம். இப்படித்தான் எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். காளை வளர்ந்ததும் பழகிய கொட்டாய்க்கே வந்தது. பெற்ற தாய் செவலையோடு சேர்ந்தது. கண் தெரியாத கன்று பிறந்து, நிற்க முடியாமல் செத்தது. தெய்வக் குத்தம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அக்கா மறுநாளே வேலி போட்டுப் பூட்டும் போட்டார்.

பிறகு கோவில் கூட்டத்துக்கே போய் நின்றார். நான்தான் லோரியில் கூட்டிப் போனேன்.

"அண்ணே, இங்க சுத்துவட்டாரத்துல நிக்கிற பசு எல்லாம் நம்ம கொட்டாய்லேர்ந்து போனது. எல்லாமே அந்தக் காளைக்கு அக்கா தங்கச்சிதான். ஒண்ணு காயடிங்க, இல்ல தூரத்துக் கோவிலுக்குக் குடுத்துடுங்க. மல்லி மட்டும் கெட்டுச்சுன்னா நான் செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்."

தலைவர் மைக்கைக் கையில் எடுத்தார். பத்தடி தூரத்தில் நின்ற தங்கைக்குப் பதில் சொல்ல மைக்.

"மாட்டுக்கு ஏதுமா அக்கா தங்கச்சி? சாமி மாட்டு மேல கத்தி வைக்கச் சொல்றியே, வாய் கூசல? பிள்ள பெத்தவளா இருந்தா இப்படிப் பேசுவியா?"

கூட்டம் சிரித்தது. அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த மைக்கை இப்போது பார்த்தாலும் கை பரபரக்கிறது.

இத்தனைக்கும் மேல் தலைவர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். கொட்டாய் பொதுச் சொத்து என்பதால் அவரிடமும் ஒரு சாவி இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அக்கா புல்லறுக்கச் செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் நேரத்தில் வந்து, பூட்டைத் திறந்து காளையை உள்ளே விட்டிருக்கிறார். சாமி மாடு வெளியே நிற்கிறதாம், பாவமாம். இதை அக்கா ஒரு வெள்ளிக்கிழமை பாதி வழியில் திரும்பி வந்தபோதுதான் கண்ணால் பார்த்தார். அண்ணன் காரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். காளை உள்ளே நின்றது.

அக்கா மாட்டு டாக்டர் ஷாஹிராவுக்குப் போன் போட்டார், பிறகு எனக்குப் போட்டார்.

டாக்டர் வந்து காளையின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துத் தயங்கினார். யாருடைய மாடு என்று மலாயில் கேட்டார். "என் பசு போட்டது, என் மாடு" என்றார் அக்கா. மரத்துப்போக ஊசி போட்டு, இடுக்கியால் நரம்பை நசுக்கினார்கள். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. காளை ஒருமுறை உதறிவிட்டுப் புல்லைத் தின்னப் போய்விட்டது.

"அப்படியே மல்லியையும் பாத்துடுங்க டாக்டர்" என்றார் அக்கா.

டாக்டர் கையுறையை மாட்டி உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். மல்லி சினை, கலைக்கிற மாதம் தாண்டிவிட்டது, இனிக் கலைப்பது தாய்க்கு ஆபத்து என்றார். மல்லிக்கு அக்கா இன்னும் சினை ஊசியே போட்டிருக்கவில்லை. அக்கா தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவி, தலைவர் நாலைந்து ஆட்களோடு வந்தார். பொலிஸ் ரிப்போர்ட் என்றார், இனி இந்தப் பால் அபிஷேகத்துக்கு ஆகாது என்றார். கடைசியில் மனத்தில் இருந்தது வெளியே வந்தது.

"அப்பா மாடு எனக்கும் பாதி. என் பங்குக்கு மல்லியப் புடிச்சிட்டுப் போறேன். எதுல கைவச்சா உனக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியும்லா."

அக்கா எழுந்து போய் மல்லியை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"சினையா இருக்கு. ஊசி இல்ல, உங்க சாமி மாடுதான். என்னா பொறக்கப் போவுதுன்னு பக்கத்துல இருந்து பாருங்க."

"கன்னுக்கு ஒண்ணும் ஆகாது, புளுகு" என்றார் தலைவர். உடன் வந்தவர்கள் கோவில் காளை தந்த வாரிசு என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதோடு அண்ணன் தங்கை பேச்சு அறுந்தது. கோவில்காரர்கள் அக்காவிடம் நான் பால் எடுப்பதையும் நிறுத்தச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றேன். மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் அக்காவின் போன் அடித்தது. தலைவர் குரல் உடைந்திருந்தது. மல்லி காலையிலிருந்து முக்குகிறது, கால் மட்டும் தெரிகிறது, டாக்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அக்கா ஏச ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். "லோரிய எடு" என்றார்.

தலைவர் வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகையில் மல்லி எலும்பும் தோலுமாகக் கிடந்தது. அக்கா முட்டிபோட்டுக் கையை விட்டு, கன்றின் தலையைத் திருப்பி, நானும் சேர்ந்து இழுக்க, கன்று வழுக்கி விழுந்தது. கிடாரி. மூச்சு இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தோல்.

தலைவர் அந்த இடத்தைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அக்கா மல்லியைத் துடைத்து, வெல்லத்தண்ணீர் கொடுத்து எழுப்பினார். சீம்பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் ஊற்றித் தலைவர் கையில் வைத்தார். பிறகு மல்லியை அவிழ்த்து லோரிப் பக்கம் நடத்தினார்.

"தங்கச்சி, கன்னு? தாய் இல்லாம அது எப்படி?"

"நீ வளத்துக்கோ" என்றார் அக்கா. பிறந்ததிலிருந்து அண்ணனை நீங்க என்று கூப்பிட்டவர். "பால் தினமும் லோகாகிட்ட குடுத்தனுப்புறேன். கண்ணு தெரியாது, நீதான் புடிச்சிக் குடுக்கணும்."

நான் லோரிக் கதவைத் தூக்கி மாட்டினேன். உள்ளே மல்லி கத்தியது. கன்று அந்தச் சத்தத்தைத் தேடி எழப் பார்த்து விழுந்தது, மறுபடி எழப் பார்த்து, முகத்தில் தட்டுப்பட்ட தலைவரின் விரல்களைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது.